யேசுரத்தினத்தின் மூக்கு

யேசுரத்தினம் பெரிய பயந்தாங்கொள்ளி. திற்பரப்பு வட்டாரத்தில் இதை ஒரு குறையாக யாரும் சொல்வதில்லை, சிரிக்க ஒரு சங்கதியாகத்தான் சொல்வார்கள். தூரத்தில் இடி முழங்கினால் டிவி பிளக்கோடு ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிடுவார். பேத்தி நெல்லிக்காய் தின்றால் கொட்டையைத் துப்பும்வரை பக்கத்திலேயே காவல் நிற்பார். மகள் ஜெனிலா கார் ஓட்டப் பழகியபோது அவர் போட்ட முதல் சட்டம், வண்டி ஓடும்போது அப்பா விளித்தாலும் போனை எடுக்கக் கூடாது என்பது. ஜெனிலா பள்ளிக்கூட டீச்சர். சட்டம் என்றால் சட்டம்தான் அவளுக்கு, இன்றுவரை எடுத்ததில்லை.

இந்தப் பயம் கூடப் பிறந்ததல்ல, குவைத்திலிருந்து கொண்டு வந்தது. இருபத்தோரு வருடம் அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தார். தொழிலாளர் முகாமில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வராந்தாவில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சமையலறைப் பக்கமிருந்து கேஸ் நாற்றம் வந்தது. வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று வாயைக் கொப்பளித்துக்கொண்டு நின்றார். அதற்குள் கூட்டாளி ஒருவன் சாயா போட உள்ளே போய் லைட் சுவிட்சைப் போட்டுவிட்டான். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான் அவன். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதிலிருந்து மூக்குதான் அவருக்கு மீட்டர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் உட்காருவார். ஊர் திரும்பிய பிறகு அக்கம்பக்கத்து அடுக்களையில் சிலிண்டர் சந்தேகம் என்றால் கம்பெனி ஆளுக்கு முன்னே இவரைத்தான் கூப்பிட்டார்கள். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சியே ரெகுலேட்டரா, குழாயா, அடுப்பா என்று சொல்லிவிடுவார். அந்தப் பெருமையில் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தார்.

கொரோனா வந்து அந்த மூக்கைக் கொண்டு போயிற்று. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, மணம் திரும்பி வரவே இல்லை. இன்று வரும், நாளை வரும் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. யாரிடமும் அவர் சொல்லவில்லை, மனைவி ஜெபகனியிடம்கூட. சொன்னால் இனி எந்த வேலையையும் தொட விடமாட்டாள் என்ற பயம் ஒன்று, ஊரில் மதிப்புப் போய்விடும் என்ற வெட்கம் ஒன்று. சிலிண்டர் பார்க்கப் போகும் வீடுகளில் முகர்வது போல ஒரு பாவனை காட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்துக் கண்டுபிடித்தார். மீன்குழம்பின் நிறத்தைப் பார்த்தே மணம் அருமை என்று சொல்லப் பழகினார். ஜெபகனிக்கு அதில் சந்தோஷம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் கார் வந்தது. தக்கலையில் ஒரு ஆள் மூலம் வாங்கிய எட்டு வருடப் பழைய சின்னக் கார். ஓட்டம் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏப்ரல் பிறந்ததும் ஏசியில் குளிர் நின்றுபோனது. மே மாதம் இரண்டாம் வாரம் மருமகன் விபின் ஷார்ஜாவிலிருந்து வருகிறான். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஜெனிலாவும் அவள் மகள் ஸ்மைலினும் காரில் போய்க் கூட்டிவருவதாக ஏற்பாடு. ஸ்மைலினுக்கு ஆறு வயது, அப்பாவைப் பார்த்து இரண்டு வருடம். வெந்து கருகிக்கொண்டு போக வேண்டாம், ஒர்க்‌ஷாப்பில் காட்டுவோம் என்றாள் ஜெனிலா. குவைத்தில் ஆயிரம் ஏசி பார்த்த மனுஷன் வீட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் கொண்டு நிறுத்தினால் ஊர் சிரிக்காதா என்று யேசுரத்தினம் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரைக்கு முன்னால் காரை நிறுத்தி மூன்று நாள் மல்லுக்கட்டினார். பெல்ட் சுற்றுகிறதா, ஏசி போட்டதும் கம்ப்ரசர் டக்கென்று பிடிக்கிறதா, முன்னால் இருக்கும் ஃபேன் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த ஃபில்டரை இழுத்தபோது ஒரு கைப்பிடி ரப்பர் இலைத் தூளும் எலிப்புழுக்கையும் கொட்டின. அதைச் சுத்தம் செய்து போட்டார். காற்று நன்றாக வந்தது, குளிர் வரவில்லை. பழைய பெட்டியிலிருந்து கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜை எடுத்து, நீலக் குழாயையும் சிவப்புக் குழாயையும் மாட்டிப் பார்த்தார். முள் படுத்துக் கிடந்தது. கேஸ் குறைந்திருக்கிறது, எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

இரண்டாம் நாள் இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டு குனிந்து கிடந்தார். கேஸ் ஏற்றும் வால்வில் ஒரு குமிழி மெல்ல ஊதி உடைந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வால்வுக்குள் இருக்கும் சின்னப் பின்னை மாற்றினார், குமிழி நின்றது. கசிவு கிடைத்தது, கசிவு அடைந்தது என்று கணக்கு முடித்துவிட்டார்.

முறைப்படி செய்தால் உள்ளே மிச்சமிருக்கும் கேஸை முழுவதும் வெளியேற்றி, குழாய்களை வெற்றிடமாக்கி, புதிதாக அளந்து ஏற்ற வேண்டும். குவைத்தில் ஒரு நாளும் அவர் அதைத் தவறியதில்லை. ஆனால் வெற்றிடமாக்கும் பம்பை ஊர் திரும்பும்போதே விற்றுவிட்டார். பாதி கேஸ் உள்ளே இருக்கிறதே, மேலே கொஞ்சம் ஏற்றினால் போதும் என்று மனசு சமாதானம் சொன்னது. அடுத்தவன் வண்டியில் செய்ய மாட்டார், சொந்த வண்டியில் செய்யத் துணிந்தார்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் ஜெபகனி காருக்குள் ஏறி உட்கார்ந்து மூக்கைச் சுளித்தாள். உள்ளே ஒரு நாற்றம் என்றாள். யேசுரத்தினம் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்தார், அவருக்கு வெறும் காற்று. ரப்பர் சிரட்டையில் காய்ந்து ஒட்டிக் கிடப்பதை உரித்து எடுக்கிற ஒட்டுபாலை இந்தக் கார் டிக்கியில்தான் சாக்குச் சாக்காகக் கடைக்குக் கொண்டு போவார்கள். அந்த நாற்றம் இந்தப் பக்கத்து வண்டிகளில் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஒட்டுபால் நாற்றம்தான் என்று அவர் அடித்துச் சொன்னார். இந்த மூக்கு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் கேஸ் ஏற்றினார். ஏற்றும்போது காருக்கு முன்னால் காற்றுப் படும்படி ஒரு ஃபேன் வைக்க வேண்டும். புகைப்புரை வாசலில் இருந்த ஒரே பிளக்கில் ஸ்மைலினின் கொசு பேட் சார்ஜில் கிடந்தது. அதை உருவி ஓரமாக வைத்துவிட்டு ஃபேனை மாட்டினார்.

அந்த பேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்துக்குள் வீடு என்றால் கொசுவுக்குப் பஞ்சமில்லை. சாயங்காலம் ஆனால் தாத்தாவுக்கும் பேத்திக்கும் அதுதான் விளையாட்டு. அவர் உள்ளங்கையை விரித்து நீட்டுவார். கையில் கொசு இருக்கிறது, அடி என்று அர்த்தம். ஸ்மைலின் பேட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து பொத்தானை அமுக்குவாள். பட்டென்று ஒரு பொறி வெட்டும், அவர் ஷாக் அடித்ததுபோல விழுந்து புரளுவார். அவள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குவாள். எங்கே போனாலும் அந்த பேட் அவள் கையில் இருக்கும், காரிலும்தான்.

ஒன்பதரைக்கு ஏசி ஜில்லென்று வீசியது. ஜெபகனியை உள்ளே உட்கார வைத்து, குளிருகிறது என்று அவள் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் அவர் கையைக் கழுவினார். பத்து மணிக்கு ஜெனிலா வண்டியை எடுத்தாள். பின் சீட்டில் ஸ்மைலின் பேட்டோடு ஏறினாள். ஏறியதும் நாற்றம் என்று சிணுங்கிக் கண்ணாடியை இறக்கப் போனாள். யேசுரத்தினம் ஜன்னலோரம் வந்து நின்று, "கண்ணாடியத் தொறக்கப்பிடாது மக்கா, குளுரு வெளிய போயிரும். ஒட்டுபாலு நாத்தந்தான், கொஞ்சம் போனா பழகிரும்" என்றார். ஜெனிலா கண்ணாடியை ஏற்றிப் பூட்டினாள். சட்டம் என்றால் சட்டம்.

கார் போன பிறகு அவர் சாமான்களை ஒதுக்க உட்கார்ந்தார். கேஜ் குழாய்களில் தங்கியிருக்கும் கேஸைத் திறந்துவிட்டு மடக்கி வைப்பது அவருடைய வழக்கம். இரண்டடி தள்ளிப் புகைப்புரை அடுப்பில் ஜெபகனி சிரட்டையும் விறகும் போட்டுத் தீ மூட்டியிருந்தாள். ஏசி கேஸ் தீப்பிடிக்காது என்பதால் அவர் நகரக்கூட இல்லை. நீலக் குழாயைத் திறந்தார், உஸ்ஸென்று அடங்கியது. காரிலிருந்து வந்த பழைய கேஸ் தங்கியிருந்த சிவப்புக் குழாயைத் திறந்தார். அடுப்பிலிருந்து ஒரு நீலத் தீ நாக்கு நீண்டு வந்து குழாயின் வாயில் பற்றிக்கொண்டது. கை மயிர் பொசுங்கியது. ஒரு நொடி எரிந்து அணைந்தது.

யேசுரத்தினம் குழாயைக் கையில் பிடித்தபடியே இருந்தார். ஏசிக்கு உரிய கேஸ் இப்படி எரியாது. செலவு குறையும் என்று சிலர் அடுப்புக் கேஸை ஏற்றி வண்டியை விற்றுவிடுவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். கேட்டபோது, எந்த மடையன் அதை வாங்குவான் என்று சிரித்தும் இருக்கிறார்.

ஜெபகனியை அழைத்து, காருக்குள் அடித்தது என்ன நாற்றம் என்று கேட்டார். ஒட்டுபால் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள் அவள். அது கிடக்கட்டும், உன் மூக்குக்கு எப்படி இருந்தது என்றார். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அழுவின உள்ளி மாதிரி. அடுக்களையில கேஸ் கசிஞ்சா அடிக்குமே, அதுபோல" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "காருக்குள்ள அடுப்பு ஏது? அதான் நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். ஒட்டுபால் டிக்கியை விட்டுப் போய் ஒரு மாசம் ஆகிறது என்பது அப்போதுதான் இருவருக்கும் நினைவுக்கு வந்தது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வால்வில் வந்த குமிழி சின்னக் கசிவு. பெரிய கசிவு டேஷ்போர்டுக்கு உள்ளே, கூலிங் காயிலில் இருக்கிறது. சோப்பு நுரை அங்கே எட்டாது, மூக்கு மட்டும்தான் எட்டும். அந்தக் கசிவுக்கு அவரே கையால் கேஸை நிரப்பி, ஜன்னலையும் அடைத்து, மகளையும் பேத்தியையும் உள்ளே உட்கார வைத்து அனுப்பியிருக்கிறார். பேட் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் போதும்.

ஜெனிலாவுக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார், மறுபடி ஓய்ந்தது. எடுக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும், எடுக்கக் கூடாது என்று சொன்னவரே அவர்தானே. கார் கிளம்பிக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் பொத்தான் போடாமலே ஸ்கூட்டரை உதைத்தார். ஜெபகனி பின்னால் ஏதோ கேட்டாள். நீ ஜெபம் பண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வாழ்நாளில் நாற்பதுக்கு மேல் ஓட்டாத மனுஷன் அன்று எந்த வேகத்தில் போனார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் அந்தப் பக்கம் கூட்டம் நிற்குமோ, புகை தெரியுமோ என்று கண் முதலில் போனது. எதிரில் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வண்டி வந்தால் ஆம்புலன்ஸோ என்று நெஞ்சு நின்றது. பால் வண்டியாக இருக்கும். "கர்த்தாவே, எனக்க பிள்ளைகள நோக்கிக்கோ" என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனார். குவைத்தில் அன்று வாய் திறக்காமல் நின்றதற்கு இன்று கூலி கேட்கிறாரோ ஆண்டவர் என்று தோன்றியது. தோன்றியதும் வாய்விட்டு அழுதுவிட்டார்.

அருமனையில் வண்டியை நிறுத்தி மறுபடி போன் போட்டார். இந்த முறை மணி அடிக்கவில்லை. வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. பேசுகிறாள் என்றால் உயிரோடு இருக்கிறாள். ஒரு நொடி மூச்சு வந்தது. அடுத்த நொடி அதுவும் போனது. ஓட்டும்போது பேச மாட்டாள். பேசுகிறாள் என்றால் கார் எங்கோ நிற்கிறது. இந்த வெயிலில் நிற்கிறது என்றால் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டுதான் நிற்கும்.

அருமனை தாண்டி இரண்டு கிலோமீட்டரில், ரப்பர் நாற்று விற்கும் பண்ணை ஒன்றின் முன்னால், அயனி மரத்து நிழலில் கார் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் கண்ணாடியும் ஏறியிருந்தன. முன் சீட்டில் ஜெனிலா போனைக் காதில் வைத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று சொல்ல ஷார்ஜாவிலிருந்து விபின் அழைத்திருக்கிறான், அந்தப் பேச்சு நீண்டுகொண்டிருந்தது. பின் சீட்டில் ஸ்மைலின் முழங்காலிட்டு நின்று, பின்பக்கக் கண்ணாடியில் ஒரு கொசுவைத் தேடிக்கொண்டிருந்தாள். பேட் கையில் இருந்தது.

யேசுரத்தினம் ஸ்கூட்டரை அப்படியே கீழே போட்டார். கண்ணாடி வழியே ஸ்மைலின் அவரைப் பார்த்துவிட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அவர் ஓடிக்கொண்டே, அமுக்காதே, நிறுத்து என்று சொல்ல உள்ளங்கையை விரித்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் நீட்டியது எது என்று அவருக்கு உறைத்தது. கையை மடக்கப் பார்த்தார், அது மடங்கவில்லை. பேத்தி பேட்டை அந்தக் கைக்கு நேராகக் கண்ணாடியில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் நடுரோட்டில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. பண்ணைக்குள் யாரோ குழாயில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தால் ஸ்மைலின் இன்னும் அமுக்கிக்கொண்டிருக்கிறாள், தாத்தா ஏன் விழுந்து புரளவில்லை என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

அவர் பாய்ந்து போய் முன் கதவைத் தட்டினார். ஜெனிலா பூட்டை எடுத்ததும் கதவைத் திறந்து, "சாவியத் தொடாண்டாம். ஒண்ணையும் தொடாண்டாம். எறங்கு" என்றார். அப்பாவின் குரல் அப்படி வந்து அவள் கேட்டதில்லை, உடனே இறங்கினாள். பேத்தியைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பண்ணையின் மறுகோடியில் விட்டுவிட்டு, திரும்பி வந்து நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து போட்டார். காற்று நன்றாக உள்ளே புகுந்து வெளியேறும்வரை காத்திருந்த பிறகுதான் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். அதற்குள் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

என்ன சங்கதி என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். ஜெனிலா முதலில் நம்பவில்லை. பிறகு அவள் முகம் வெளுத்தது. வரும் வழியெல்லாம் பிள்ளை நாற்றம் நாற்றம் என்று அழுததையும், தாத்தா சொன்னால் சரியாக இருக்கும், கண்ணாடியைத் தொடாதே என்று தான் அதட்டியதையும் சொன்னாள். அப்புறம்தான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது.

"அப்பா, நீங்க நேத்து பத்து நிமிசம் உள்ள இருந்தியளே. உங்களுக்குத் தெரியலியா?"

அவர் பண்ணைச் சுவரைப் பார்த்தார். இதற்கும் ஏதாவது ஒரு பொய் சொல்லலாம், மூன்று வருடத்தில் நன்றாகப் பழகியிருந்தார். மறுகோடியில் ஸ்மைலின் பேட்டால் ஒரு பட்டாம்பூச்சியை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மணம் தெரியாது மக்கா" என்றார். "கொரோனா வந்து போனதுலேருந்து ஒண்ணும் தெரியாது. மீன்குழம்பும் தெரியாது, கேஸும் தெரியாது. வெளிய சொல்ல வெட்கமாட்டு இருந்து."

ஜெனிலா கோபப்படுவாள் என்று நினைத்தார், அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் புடவைத் தலைப்பால் அவர் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டு, விமான நிலையத்துக்கு வாடகை வண்டி பிடிக்கப் போனைத் தட்ட ஆரம்பித்தாள். நம்பர் தப்புத் தப்பாக விழுந்தது.

ஸ்மைலின் ஓடிவந்து, புல்லில் உட்கார்ந்துவிட்ட தாத்தாவின் மடியில் ஏறினாள். அவளுக்கு ஒரு வழக்கு இருந்தது.

"காலத்த நான் பேட்ட சார்ஜில போட்டிருந்தேன். நீங்கதான் ஃபேன் போட ஊரி வச்சிய. இப்ப பாருங்க, வெட்டவே மாட்டேங்கு."

யேசுரத்தினம் அவள் கையிலிருந்து பேட்டை வாங்கினார். காருக்குள் வைத்து எத்தனை தடவை அமுக்கினாய் என்று கேட்டார்.

"வழியெல்லாம் அமுக்கினேன் தாத்தா. நூறு தடவ இருக்கும்."

அவர் பேட்டைப் புல்லில் வைத்துவிட்டு அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாடகை வண்டி வந்து நின்று, டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகும் அவர் பிடி தளரவில்லை. கடைசியில் ஜெனிலாதான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிள்ளையை எடுக்க வேண்டியிருந்தது.